ஏடிவி வின்ச்சுக்கு ஒயர்லெஸ் ரிமோட்: ரிசீவருக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறேன். விழுந்த மரங்களை இழுக்க என் ஏடிவியில் (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) 3,000 பவுண்டு எடை வரை இழுக்கும் வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார் கருவி) போட்டிருக்கிறேன். இப்போது ஹேண்டில்பாரில் உள்ள சுவிட்ச் மட்டும்தான். பெரும்பாலும் தனியாக வேலை செய்வதால் ஒயர்லெஸ் ரிமோட் கிட் ஒன்று வாங்கினேன். அதன் ரிசீவரில் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) நான்கு மெல்லிய ஒயர்கள் இருக்கின்றன. சிவப்பையும் கறுப்பையும் நேராக பேட்டரியில் கொடுத்துவிடலாமா? பழைய சுவிட்சைக் கழற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் உங்கள் வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பேட்டரிக்கும் வின்ச் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் என்ற கறுப்புப் பெட்டி இருக்கும். சொலினாய்டு என்றும் சொல்வார்கள். அதில் நான்கு தடித்த ஒயர்கள் இருக்கும்: இரண்டு பேட்டரியிலிருந்து வருபவை, இரண்டு மோட்டாருக்குப் போகிறவை. நல்ல சுமை ஏறும்போது இவற்றில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹேண்டில்பார் சுவிட்ச் அந்த மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. கான்டாக்டருக்குள் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மெல்லிய ஒயர் வழியே 12 வோல்ட் அனுப்பி, ‘இழு’, ‘விடு’ என்று கட்டளை மட்டும் கொடுக்கிறது. உங்கள் ரிசீவரும் அதே கட்டளையைக் கொடுக்கும் இன்னொரு சுவிட்ச்தான். பழைய சுவிட்சுக்கு இணையாக அதைச் சேர்த்தால் போதும். தடித்த ஒயர்களில் கை வைக்கவே தேவையில்லை.

நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வின்ச்சின் கிளட்சை ஃப்ரீ ஸ்பூலில் (மோட்டார் ஓடினாலும் கயிற்று உருளை சுற்றாத நிலை) வைத்துவிட்டு, சாவியைப் போட்டு, ஹேண்டில்பார் சுவிட்சை ‘இழு’ பக்கம் அழுத்துங்கள். கான்டாக்டரின் எந்தச் சிறிய முனையில் 12 வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அதுதான் ‘இழு’ ஒயர். மறுபக்கம் அழுத்தினால் ‘விடு’ ஒயர் தெரிந்துவிடும். இந்த இரண்டையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ரிசீவரின் இரண்டு வெளியீட்டு ஒயர்களை, குறித்து வைத்த அந்த இரண்டோடு சேருங்கள். கறுப்பு, நல்ல கிரவுண்டுக்கு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த இடத்துக்கு) போகும். எது எந்த ஒயர் என்பதைக் கிட்டோடு வந்த படத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சிவப்பு ஒயர் விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் ரிசீவர் ராத்திரி பகலாகச் சிக்னலுக்குக் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டி ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று: கொக்கியைக் கையில் பிடித்திருக்கும்போது பையில் இருக்கும் ரிமோட் தெரியாமல் அழுந்தினாலும் வின்ச் இழுக்கும். விரல் போய்விடும். அதனால் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் லைனில்தான் சிவப்பைச் சேர்க்க வேண்டும். ஹேண்டில்பார் சுவிட்சுக்கு வரும் லைன் வழக்கமாக அப்படித்தான் இருக்கும். ஆனாலும் சாவியை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் 12 வோல்ட் காட்டினால், முன்பு வின்ச் மாட்டியவர் தவறான இடத்திலிருந்து எடுத்திருக்கிறார். அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கிட்டில் ஃபியூஸ் இல்லையென்றால் இந்த ஒயரில் சிறிய ஃபியூஸ் ஒன்று போடுங்கள்.

ரிசீவரை கான்டாக்டருக்குப் பக்கத்தில், சைலன்சர் சூடு படாத இடத்தில், ஒயர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். அப்போதுதான் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே இறங்காது. ஆன்டெனா ஒயரை வெட்டவோ சுருட்டவோ கூடாது. இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டினால் தூரம் குறைந்துவிடும்.

நெகட்டிவைத் திரும்ப மாட்டி, ரிமோட்டை ரிசீவரோடு ஜோடி சேர்த்ததும், கிளட்ச் ஃப்ரீ ஸ்பூலிலேயே இருக்கட்டும். இரண்டு பட்டனையும் அழுத்தி, விட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கிளட்சைப் பூட்டி, கயிற்றில் கை வைக்காமல் ஒரு நொடி அழுத்திப் பாருங்கள்; திசை தலைகீழாக இருந்தால் ரிசீவரின் இரண்டு மெல்லிய ஒயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும். பேட்டரி மட்டும் தாங்கும்போது கனமான மரத்தில் வோல்ட் சரியும். ரிசீவர் அணைந்து அணைந்து எரியும், கான்டாக்டர் டக் டக்கென்று அடிக்கும். அந்த அடியில் உள்ளே இருக்கும் செப்புத் தொடர்புகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால், ரிமோட்டை விட்டாலும் சாவியை எடுத்தாலும் வின்ச் நிற்காது. தனியாக வேலை செய்கிற உங்களுக்கு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும் என்பேன். வின்ச்சின் முழு ஆம்பியரைத் தாங்கும் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். தடித்த ஒயரில் வேலை செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான்; பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிமோட் இருப்பதன் உண்மையான லாபம், கயிறு போகும் நேர்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் நிற்க முடிவதுதான். கொக்கி மாட்டும்போது சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ஹேண்டில்பார் சுவிட்சை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்டாரியோ குளிரில் ரிமோட்டின் சின்ன பேட்டரி சோர்ந்துபோகும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.