கேள்வி – பதில்: ஓட்டக்காரர்களும் திரைப்படமும்

கேள்வி: உண்மைக் கதையை வைத்து எடுக்கும் விளையாட்டுப் படங்களில் சம்பவங்களை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஆயுளை அடக்க வேண்டுமே! ஆனால் மாற்றியதால் அந்த மனிதரின் உயரம் குறைந்துபோனால் எனக்கு வலிக்கும். 1981-இல் வந்த ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ நான் மனதார நேசிக்கும் படம். அதில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல், பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பல் ஏறும்போதுதான் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று கேள்விப்பட்டுத் திடுக்கிடுவார். நிஜத்தில் அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். ஞாயிறு கர்த்தருடைய நாள், ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 1924 ஜூலையில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். கடைசி நேரத்தில் எடுத்த முடிவாகக் காட்டினால் பரபரப்பு கூடும், சரி. ஆனால் இத்தனை மாதம் மனம் மாறாமல் உழைத்தாரே, அதுதான் என்னை உருக்குகிறது. அப்புறம் தான் பிறந்த சீனாவுக்கே மிஷனரியாகப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஜப்பானியரின் வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார், விளையாட்டுகள் நடத்தினார். 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். அந்த முகாம் நாட்களுக்கே தனியாக ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

கேள்வி: 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றிய ‘ஒலிம்பியா’, நாஜி அரசு பணம் கொடுத்து எடுத்த படம். அதைப் பார்ப்பது சரியா?

பதில்: பாருங்கள், யார் பணம் என்பதை மறக்காமல். அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் ஓட்டம் அதில் இருக்கிறது. இன்னொன்று: கோல் ஊன்றித் தாண்டும் போட்டி இருட்டிய பிறகும் நீண்டதால், வீரர்களை மறுபடி தாண்டச் சொல்லிப் படம்பிடித்தார்கள். ஆவணப்படம் என்றாலே அப்படியே நம்பிவிடக் கூடாது.

கேள்வி: 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் இரண்டு கறுப்பின வீரர்கள் முஷ்டி உயர்த்தும் புகைப்படத்தில், கை உயர்த்தாமல் நிற்பவர் யார்?

பதில்: ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். 200 மீட்டரில் 20.06 விநாடி ஓடி வெள்ளி வென்றவர். அவர் நெஞ்சைக் கவனியுங்கள்: இனவெறியை எதிர்த்து முஷ்டி உயர்த்திய அமெரிக்கர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் குத்தியிருந்த அதே மனித உரிமை பேட்ஜ். சும்மா நிற்கவில்லை, கூட நின்றார். அவருடைய தேசிய சாதனையை 2024 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் வந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். நாடு திரும்பிய அவரை நடத்திய விதத்துக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012-இல்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.