ஈ. ஜே. பிராட் பற்றிக் கேளுங்கள்: கனடாவின் கடல் கவிஞர், இலக்கியப் பேராசிரியர்

கனடாவின் ஆங்கிலக் கவிஞர் ஈ. ஜே. பிராட் (1882–1964) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நம் ஆட்கள் கனடா என்றதும் ஓரிரு நாவலாசிரியர்களோடு நின்றுவிடுகிறார்கள், அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், இவர் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று படித்தேன். அப்புறம் எப்படி இலக்கியப் பேராசிரியர் ஆனார்?

நேர்வழியில் வரவில்லை. நியூஃபவுண்ட்லாந்து தீவில் வெஸ்டர்ன் பே என்ற மீனவ ஊரில் பிறந்தவர், அப்பா மெதடிஸ்ட் போதகர், அம்மா ஒரு கப்பல் கேப்டனின் மகள். பிராட் துணிக்கடையில் தொழில் பழகி, பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, பிரசங்கமும் செய்துவிட்டு, 1907ல்தான் டொராண்டோ விக்டோரியா கல்லூரிக்குப் படிக்க வருகிறார். அங்கே தத்துவம், பிறகு இறையியல், நடுவில் உளவியல் துறையில் செய்முறைப் பயிற்சி தரும் வேலை. 1917ல் வாங்கிய டாக்டர் பட்டம் புனித பவுலின் இறுதிக்காலக் கருத்துகள் பற்றியது. போதகராக அபிஷேகம் பெற்றும் சபைப் பணியில் நிலைக்கவில்லை. 1920ல் பெல்ஹாம் எட்கர் என்ற பேராசிரியர் விக்டோரியாவின் ஆங்கிலத் துறைக்கு இவரை அழைத்தார், 1953ல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார். முதல் முக்கியத் தொகுப்பு வந்தபோது வயது 41. தாமதமாக வந்தது அவருக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் கருத்து. இலக்கிய வகுப்பில் மட்டுமே வளர்ந்த ஆளாக இருந்திருந்தால் அவர் கவிதையில் நங்கூரமும் நீராவி எஞ்சினும் தந்திக் கருவியும் இப்படிப் புழங்கியிருக்காது.

கேள்வி: ஏன் எப்போது பார்த்தாலும் கப்பல், விபத்து, மரணம்?

பிறந்த ஊர் அப்படி, தம்பி. 1898ல் கிரீன்லாந்து என்ற கப்பலில் சீல் (கடல்நாய்) வேட்டைக்குப் போனவர்களில் 48 பேர் பனிப்பரப்பில் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அப்போது இவருக்கு 16 வயது. சீல் வேட்டைக்காரர்கள் பனியில் சாவதை ‘தி ஐஸ் ஃப்ளோஸ்’ கவிதையில் எழுதியிருக்கிறார்.

1935ல் வந்த ‘தி டைட்டானிக்’ நெடுங்கவிதையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது சீட்டாட்டப் பகுதி. கப்பலில் போக்கர் ஆடுகிறார்கள், யார் கையில் என்ன சீட்டு, யார் எவ்வளவு ஏற்றுகிறார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பனிப்பாறை எச்சரிக்கைகள் வேறு பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. கப்பல் மூழ்காது என்ற நம்பிக்கையும் இந்தச் சூதும் ஒரே புத்திதான் என்று நமக்கே உறைக்கிறது, அவர் வாய்விட்டு உபதேசம் செய்வதில்லை.

கேள்வி: இவர் பழமைவாதி, நவீன கவிதைக்கு எதிரானவர் என்கிறார்களே?

பாதி சரி. எதுகையும் சந்தமும் உள்ள நீண்ட கதைக்கவிதைதான் அவர் களம், அந்தக் காலத்துக்கு அது பழைய பாணி. ஆனால் 1936ல் கனடாவின் நவீன கவிஞர்கள் சேர்ந்து கொண்டுவந்த ‘நியூ ப்ராவின்சஸ்’ தொகுப்பில் இவரும் இருக்கிறார். அதே ஆண்டு தொடங்கிய ‘கனடியன் பொயட்ரி மேகசின்’ இதழுக்கு ஆசிரியராக இருந்து இளைஞர்களுக்கு இடம் கொடுத்தார். 1925லேயே, ஒண்டாரியோவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது, கடல் சூனியக்காரிகள் மீன்களுக்குச் சாராயம் ஊற்றிக்கொடுக்கும் கவிதையை எழுதியவர் இந்தப் போதகர்!

கேள்வி: ரயில்பாதைக் கவிதை பற்றிய சர்ச்சை என்ன?

1952ல் வந்த ‘டுவர்ட்ஸ் தி லாஸ்ட் ஸ்பைக்’ கனடிய பசிபிக் ரயில்பாதை போட்ட கதை. பிரதமர் மெக்டொனால்ட், பொறியாளர்கள், மலை, பாறை எல்லாம் அதில் பாத்திரங்கள். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களுக்கு அதில் உரிய இடம் இல்லை. எஃப். ஆர். ஸ்காட் என்ற கவிஞர், பிராட்டின் நண்பர்தான், அந்தக் கூலிகள் உன் கவிதையில் எங்கே என்று இன்னொரு கவிதையாலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பாதை முடிந்த அதே 1885ல் கனடா அரசு சீனர்கள் உள்ளே வர ஆளுக்கு 50 டாலர் வரி போட்டது. 1940ல் எழுதிய ‘பிரெபோஃப் அண்ட் ஹிஸ் பிரெத்ரன்’ காவியத்திலும் இதே சிக்கல் உண்டு. யேசு சபைப் பாதிரியார்களின் பக்கம் நின்று கதை நகர்வதால் இரோகுவா என்ற பூர்வகுடி மக்கள் கொடூரக்காரர்களாக மட்டுமே தெரிகிறார்கள். எனக்கு இவர் மிகவும் பிடித்தவர், அதனாலேயே இதை மழுப்ப மனம் வரவில்லை. படிக்கிறவர்கள் அவர் சிறப்பையும் இந்தக் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: விருதுகள்?

கனடாவின் பெரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருது மூன்று முறை. ‘பிரெபோஃப்’, ‘லாஸ்ட் ஸ்பைக்’ என்று மேலே சொன்ன இரண்டு கவிதைகளுக்கும், 1937ல் வந்த ஒரு தொகுப்புக்கும்.

கேள்வி: நார்த்ரப் ஃப்ரைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு அக்கா/சார்?

சார்தான், பரவாயில்லை. பெரிய விமர்சகரான ஃப்ரை விக்டோரியா கல்லூரியில் இவருடைய மாணவர், பிறகு அதே துறையில் சக ஆசிரியர். 1958ல் பிராட்டின் கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. கல்லூரி நூலகத்துக்கு இன்று பிராட்டின் பெயர்.

கேள்வி: நெடுங்கவிதை என்றாலே பயம் சார், எங்கே ஆரம்பிப்பது?

‘எரோஷன்’. மொத்தம் எட்டே வரி. பாறையின் முகத்தைச் செதுக்கக் கடலுக்கு ஆயிரம் ஆண்டு ஆனது, ஒரு பெண்ணின் முகத்தில் அதே வரிகளைப் போட ஒரு புயல் இரவின் ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது, அவ்வளவுதான் கவிதை. அவள் யாரை இழந்தாள் என்றுகூடச் சொல்லவில்லை, தேவையும் இல்லை. அதன்பின் ‘டைட்டானிக்’ போங்கள், கதை தெரிந்ததால் மொழி மிரட்டாது, வாய்விட்டுப் படித்தால் இன்னும் சுலபம். ‘பிரெபோஃப்’ கடைசியில். மொத்தக் கவிதைகளும் டொராண்டோ பல்கலைக்கழக அச்சகம் 1989ல் போட்ட இரண்டு பாகப் பதிப்பில் இருக்கின்றன, பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.