திடலுக்காகப் பொது வாக்கெடுப்பு நடத்தினால் செல்லுமா?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் பல மாடிக் கார் நிறுத்துமிடம் கட்ட விண்ணப்பம் செய்திருப்பதாக அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று 400 வீடுகளிலும் பொது வாக்கெடுப்பு நடத்தலாம் என்று யோசிக்கிறோம். போலீஸ் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். மெல்பர்னில் இருக்கும் என் அக்காள் மகனோ, "2023இல் நாங்கள் வாக்குப் போட்டே அரசாங்கத்தை நிறுத்தினோம், அங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறான். எங்கள் வாக்கெடுப்பு செல்லுமா?

பதில்: போலீஸ் வராது, ஐயா. சங்க உறுப்பினர்கள் பாலாய் ராயாவில் (சமூக மண்டபத்தில்) கூடிச் சீட்டுப் போட்டு முடிவெடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சங்க விதிப்படி அழைப்பு அனுப்பி, கூட்டக் குறிப்பு எழுதி வையுங்கள். ஆனால் அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. 400க்கு 400 வாக்கு விழுந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு மகஜர்தான்.

உங்கள் அக்காள் மகன் சொல்வது வேறு கதை. ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 128ஆவது பிரிவுப்படி, அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றுவதானாலும் மக்களிடம் போயே ஆக வேண்டும். நாடு முழுவதும் பெரும்பான்மை வேண்டும், 6 மாநிலங்களில் 4 மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். இதுவரை 45 திருத்தங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டு 8 மட்டுமே தேறின. 2023 அக்டோபர் 14இல் பூர்வகுடி மக்களுக்கான ஆலோசனை மன்றத்தை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அது வெறும் ஆலோசனை மன்றம்தான், யாருடைய உரிமையும் போகாது என்றது ஆதரவுத் தரப்பு. விவரங்களைப் பிறகு நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி நிரந்தரமான ஒன்றை அரசியலமைப்பில் எழுதாதீர்கள் என்றது பழைமைவாதத் தரப்பு. அங்கே பழைமைவாதிகளுக்குத் துணை நின்றது இரட்டைப் பெரும்பான்மை என்ற அந்த உயர்ந்த தடுப்புச் சுவர்.

எல்லா ஊரிலும் அவர்கள் பொது வாக்கெடுப்பை விரும்பியதில்லை. 1975இல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர், அது சர்வாதிகாரிகளுக்குப் பிடித்த கருவி என்று முன்னாள் பிரதமர் அட்லி சொன்னதை எடுத்துக்காட்டி எதிர்த்தார். 1978இல் கலிபோர்னியாவில் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டோடு நிறுத்தியதும் ஒரு பொது வாக்கெடுப்புதான். அதைக் கொண்டாடியவர்களும் பழைமைவாதிகளே. நான் தாட்சர் பக்கம். கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் என் சந்தேகம். 1962 செப்டம்பரில் சிங்கப்பூரில் மலேசியாவோடு இணைவது பற்றி நடந்த வாக்கெடுப்பைப் பாருங்கள்: மூன்று தேர்வுகள் கொடுத்தார்கள், மூன்றுமே ஏதோ ஒரு வகையில் இணைப்பு. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லாததால், சுமார் கால்வாசிப் பேர் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள்.

நம் கூட்டரசு அரசியலமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. 159ஆவது விதிப்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும். மக்களவையில் 222 பேரில் 148 பேர். குடியுரிமை போன்ற சில விஷயங்களுக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தின் (சுல்தான்கள் கூடும் மன்றம்) சம்மதமும் தேவை. 2008 வரை பெரும்பாலான காலம் ஒரே கூட்டணியிடம் அந்த எண்ணிக்கை இருந்ததால் சுவர் தாழ்ந்தே கிடந்தது. 1988இல் நீதித்துறை அதிகாரம் பற்றிய 121ஆவது விதியையே மாற்றினார்கள். உள்ளூராட்சித் தேர்தலும் கிடையாது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் இதே ஜார்ஜ்டவுனில் நடந்தது, 1965இல் நிறுத்தப்பட்டது. பினாங்கு அதை மீட்க இயற்றிய சட்டத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் செல்லாது என்றது.

ஆகவே வாக்கை நம்பி உட்காராதீர்கள். அரசாங்கம் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்க, அது தானே எழுதிய விதிகளைக் கொண்டே அதைப் பிடிக்க வேண்டும்.

இன்றே இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். நில அலுவலகத்தில் திடலின் லாட் எண்ணைக் கொடுத்து 'சாரியான் ரஸ்மி' (நிலப் பதிவின் அதிகாரபூர்வத் தேடல்) எடுங்கள். பொது நோக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலமானால், அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்வதற்கு முன் கெஜட்டில் அறிவித்து விசாரணை நடத்த வேண்டும். அது நடந்ததா? அடுத்து, மாநகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் துறையில் உங்கள் வட்டாரத்துக்குக் கெஜட் செய்யப்பட்ட உள்ளூர்த் திட்டம் உண்டா என்று கேளுங்கள். இருந்து, அதில் திடல் திறந்தவெளி என்று குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 22(4) பிரிவு, திட்டத்துக்கு முரணாக அனுமதி தருவதைத் தடுக்கிறது.

உள்ளூர்த் திட்டம் இல்லையென்றால் 21(6) பிரிவு வரும். அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம், நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம். 400 வீடுகளும் அண்டை நிலம் ஆகிவிடாது என்பதைக் கவனியுங்கள். திடலை ஒட்டிய நிலம், 20 மீட்டர் அகலத்துக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இடையில் உள்ள நிலம், முட்டுச் சந்தைப் பகிர்ந்துகொள்ளும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம், இவைதான் கணக்கு. சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் போடுவதோடு நிறுத்தாமல், அந்த வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் பெயரில் தனித்தனியாக ஆட்சேபம் தர வேண்டும். அப்படித் தந்தவர்தான், அனுமதி கிடைத்துவிட்டால், ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும். மற்றவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு (அதிகாரிகளின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பது) இருக்கிறது. முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் போனது இந்த வழியில்தான். ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட 2017இல் தரப்பட்ட அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ரத்து செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு அது. நகர அமைப்புத் திட்டத்தை அதிகாரிகள் நினைத்தபடி ஒதுக்கித் தள்ள முடியாது என்றது நீதிமன்றம். வழக்குத் தொடுக்கக் குடியிருப்பாளர்களுக்குத் தகுதி உண்டு என்பதையும் ஏற்றது. அந்த வழக்கு கோலாலம்பூரின் திட்டமிடல் சட்டப்படி நடந்தது, இங்கே வேறு சட்டம். இருந்தாலும் அந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பார்.

வாக்கெடுப்பை வேண்டுமானால் நடத்துங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னால் பத்திரிகைச் செய்தி ஆகும், அதற்கும் ஒரு பலன் உண்டு. ஆனால் ஆட்சேபக் கடிதங்களை முதலில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பலகையைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.