பதில்: பஸ்ஸில் சீண்டலைப் பார்த்தும் அசையாமல் நின்ற மாணவர்கள்

வணக்கம் தங்கை. மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பஸ்ஸில் ஒருவன் ஒரு பெண்ணை உரசியதைப் பார்த்தும் உங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாய் திறக்கவில்லை, என்ன பயிற்சி கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்களைக் கோழைகள் என்று திட்டாதீர்கள். ஆள் கூடக் கூட, வேறு யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவதை டார்லி, லாட்டனே என்ற உளவியலாளர்கள் 1968-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள்.

மேடைப் பேச்சு பயன்படாது. வகுப்பறை நாற்காலிகளை பஸ் இருக்கைகள்போல் போட்டு நடித்துப் பழகட்டும். ஒருத்தி, "அக்கா, ஆரப்பாளையம் எப்போது வரும்? இப்படி வந்து நில்லுங்கள்" என்று பேச்சுக் கொடுத்தபடியே நடுவில் புகுந்துவிட வேண்டும். இன்னொருவன் கண்டக்டரிடம் போக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பஸ் ஊழியர்கள்மேல் வைத்திருக்கிறது. இதை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். கைகலப்பு கூடவே கூடாது. வீடியோ எடுத்தால் அந்தப் பெண்ணிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்; வாட்ஸ்அப்பில் பரப்புவது அவருக்கு இன்னொரு கொடுமை.

இறங்கியதும் அந்தப் பெண்ணிடம், "நாங்கள் பார்த்தோம், சாட்சி சொல்கிறோம்" என்று சொல்லட்டும். அவர் விரும்பினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பையன்களைக் கட்டாயம் சேருங்கள். சீண்டுபவன் தங்கள் நண்பனாகவே இருக்கும் காட்சியையும் நடிக்க வையுங்கள். அவர்கள் திணறப்போவது அங்கேதான். அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.