எக்ஸ் கதிர் ஹொலோகிராம்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உயர்தர மாணவி, கிளிநொச்சி): ஐயா, லேசரால் ஹொலோகிராம் (பொருளிலிருந்து வரும் ஒளியலையின் முழுப் பதிவு) எடுக்கலாம் எனப் படித்தோம். அதை எக்ஸ் கதிரால் எடுக்க வேண்டிய தேவை என்ன?

பதில்: ஏறத்தாழ ஒரு நனோமீற்றரும் அதற்குக் குறைவாகவும் அலைநீளமுள்ள எக்ஸ் கதிர், சாதாரண ஒளியால் பிரித்தறிய முடியாத நுண்ணமைப்புகளைக் காட்ட வல்லது. ஆனால் எப்பொருளிலும் அதன் முறிவுச் சுட்டி 1 ஐ ஒட்டியே இருப்பதால் கண்ணாடி வில்லை அதைக் குவிக்காது. உணர்கருவியோ அலையின் செறிவை மட்டும் பதிந்து, அவத்தையை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்நிலையில் உள்ளது என்பதை) இழந்துவிடுகிறது. அதை மீட்கும் வழியைத்தான் டெனிஸ் காபர் 1947 இல், இலத்திரன் நுணுக்குக்காட்டியை மேம்படுத்த முயன்றபோது கண்டறிந்தார்: பொருளில் பட்டுச் சிதறிய அலையோடு நாம் அறிந்த இன்னோர் அலையைத் தலையிடச் செய்தால், அந்தத் தலையீட்டுக் கோலத்திலேயே அவத்தையும் பதிந்துவிடும்.

கேள்வி (ஆசிரியர், முல்லைத்தீவு): அந்த அறிந்த அலையை எக்ஸ் கதிரில் எவ்வாறு பெறுகிறார்கள்?

பதில்: என் பார்வையில், இத்துறையின் வளர்ச்சியே இக்கேள்விக்குத் தேடப்பட்ட விடைகளின் வரலாறுதான். 2004 இல் பேர்லினின் பெஸ்ஸி சிங்குரோட்ரோனில் (இலத்திரன்களை வளையத்தில் சுழற்றி வலிய எக்ஸ் கதிரைப் பெறும் நிலையம்) ஐஸ்பிட், லூனிங் முதலானோர், தங்கப் படலமொன்றில் மாதிரிக்கென இட்ட 1.5 மைக்ரோமீற்றர் துவாரத்தின் அருகே, ஏறக்குறைய 100 நனோமீற்றர் அகலமான ஊசித்துளை ஒன்றையும் இட்டனர். ஊசித்துளை வழியே வந்த கதிர் அறிந்த அலையாக உதவ, பதிவை ஒரேயொரு பூரியர் உருமாற்றத்துக்கு (கோலத்தை அலைக்கூறுகளாகப் பிரிக்கும் கணிதச் செயல்) உட்படுத்தியதும், கோபால்ற்று-பிளாற்றினப் படலத்தின் காந்தப் பகுதிகள் 50 நனோமீற்றர் நுட்பத்தில் வெளிப்பட்டன. துளையைச் சிறிதாக்கினால் படம் கூர்மையடையும். ஆனால் கதிர் குறைந்து மங்கிவிடும். இந்த இக்கட்டைத் தீர்க்க, 2008 இல் மார்க்கெசினி குழுவினர் கணித ஒழுங்கில் அமைந்த பல துளைகளைப் பயன்படுத்தினர். மிக அழகான தீர்வு என்றே இதனைக் கருதுகிறேன்.

கேள்வி (தாதி, மன்னார்): இவ்வளவு வலிய கதிர் உயிர்ப்பொருளைச் சிதைக்காதா?

பதில்: சிதைக்கும். ஆயினும் கட்டற்ற இலத்திரன் லேசரின் (வேக இலத்திரன்களால் எக்ஸ் கதிர்த் துடிப்புகளை உண்டாக்கும் கருவி) துடிப்பு சில பத்துப் பெம்ரோசெக்கன்களே (ஒரு பெம்ரோசெக்கன் என்பது செக்கனின் 10⁻¹⁵ பங்கு) நீடிப்பதால், பொருள் சிதறுமுன் படம் பதிந்துவிடும் என்பதை 2006 இல் ஹம்பேர்க்கின் பிளாஷ் நிலையத்தில் காட்டினர். 2018 இல் வெளியான ஆய்வொன்றில், கலிபோர்னியாவின் எல்.சி.எல்.எஸ். என்னும் அத்தகைய லேசரின் முன்னே மிமிவைரசுகளோடு (பெரிய வகை வைரசு) செனன் அணுத்திரள்களையும் பறக்கவிட்டு, அத்திரள்களில் சிதறிய கதிரையே அறிந்த அலையாகக் கொண்டனர். துளையிட்ட தகடே தேவைப்படவில்லை.

கேள்வி (வாசகர், வவுனியா): வைத்தியசாலை எக்ஸ் கதிர் இயந்திரத்தில் இதைச் செய்யலாமா?

பதில்: இயலாது. அதன் குழாயிலிருந்து வரும் அலைகளிடையே வேண்டிய ஒத்திசைவு (அலைகள் ஒரே சீராக இணைந்து செல்லும் தன்மை) இல்லை.

கேள்வி (பொறியியல் பீட மாணவர், அறிவியல் நகர்): இங்கிருந்தே இதைப் பழக வழியுண்டா?

பதில்: இலங்கையில் சிங்குரோட்ரோன் இல்லை, ஆனால் பழகுவதற்குக் கணினி போதும். மாதிரியையும் துளையையும் எண் அணியாக அமைத்து, பைதன் என்னும் கணினி மொழியில் பூரியர் உருமாற்றம் செய்து, அதன் பருமனின் வர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் உருமாற்றினால், மையத்தின் இருபுறமும் படமும் அதன் தலைகீழான இரட்டைப் படமும் தோன்றும். துளை மாதிரிக்கு மிக அருகே இருந்தால் அவை மையப் பகுதியோடு கலந்துவிடும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முதலில் கண்டறியுங்கள்.