பாவத்தைச் சொல்வது யாரிடம்?

கேள்வி: நான் நெல்லை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். கணவர் வீடு கத்தோலிக்கம். நான் அந்தச் சபையில் சேரவில்லை. ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யச் சொல்லி மாமியார் வற்புறுத்துகிறார். “இயேசு ஒருவரே பிரதான ஆசாரியர் (தலைமைக் குரு), மனுஷனிடம் போய்ப் பாவத்தைச் சொல்வதா? பூசையில் அவரைத் திரும்பத் திரும்பப் பலி கொடுக்கிறார்கள்” என்கிறார் அண்ணன். எனக்கு ஒரு பாரம் உண்டு. அம்மா தங்கைக்கென்று சொல்லிவைத்த செயினை, அவர் இறந்தபின் நானே வைத்துக்கொண்டேன். ஜெபத்தில் அறிக்கையிட்டுவிட்டேன். அது போதாதா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: மாமியார் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். தங்கள் சபையில் சேராத ஒருவருக்கு, சாவு ஆபத்து போன்ற நெருக்கடி இல்லாதபோது, குருவானவர் பாவமன்னிப்பு வழங்குவதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே வழக்கமாக அனுமதிப்பதில்லை. பங்குச் சாமியாரிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆசாரியர்கள் நாள்தோறும் நின்று பலி செலுத்தினார்கள், கிறிஸ்துவோ ஒரே தரம் தம்மையே கொடுத்தார், இனி வேறு பலி வேண்டாம் என்பதுதான் பைபிளிலுள்ள எபிரெயர் நிருபத்தின் வாதம். கத்தோலிக்கர்களும் இதை மறுப்பதில்லை. சிலுவையில் தம்மைக் கொடுத்தவரே பூசையிலும் பலியாகவும் குருவாகவும் இருக்கிறார், ரத்தம் சிந்தாத விதம் மட்டுமே வேறு என்று 1562-இல் அவர்களுடைய திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. புதிதாக இன்னொரு பலி என்று அவர்கள் போதிக்கவில்லை. இந்த விளக்கம் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளுக்கு அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை. அது நியாயமான சண்டைதான். ஆனால் அண்ணன் சண்டை பிடிப்பது அவர்கள் சொல்லாத ஒன்றோடு.

மனுஷனிடம் சொல்வதா என்ற கேள்விக்கு அவர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரைத்தான் துணைக்கு அழைப்பார். ஞானஸ்நானம் பெற்ற எல்லாருமே ஆசாரியர்கள் என்று லூத்தர் 1520-இல் எழுதியது உண்மை. ஆனால் தனியாகப் பாவ அறிக்கை செய்வதை அவர் ஒழித்துவிடவில்லை. லூத்தரன் சபையினரின் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, அது சபையில் இருக்கட்டும், ஒன்றுவிடாமல் பட்டியல் போடும் கட்டாயம் மட்டும் வேண்டாம் என்கிறது. திருநெல்வேலிச் சபை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழி வந்தது. அவர்களுடைய 1662 ஜெபப்புத்தகத்தில், நோயாளியின் மனச்சாட்சி கனத்திருந்தால் அவரைப் பாவ அறிக்கை செய்யத் தூண்ட வேண்டும் என்று இருக்கிறது, குருவானவர் சொல்லும் மன்னிப்பு வார்த்தைகளோடு! ஆகவே உங்கள் சபை ஐயரிடமே (குருவானவரிடமே) போய் மனம் விட்டுப் பேசலாம். அதில் அண்ணனுக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

சரி, செயினுக்கு வருவோம். ஜெபம் போதாதா என்று கேட்கிறீர்கள். எந்தச் சபையில் கேட்டாலும் போதாது என்றுதான் சொல்வார்கள். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிறர் பொருளை ஏமாற்றி எடுத்தவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பலிக்கான ஆட்டுக்கடாவை மட்டும் ஆசாரியனிடம் ஓட்டிக்கொண்டு போக வழியில்லை. இயேசுவும், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்துக்கே போயிருந்தாலும், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றுதான் சாமியார் சொல்லியிருப்பார்.

செயினைக் கொடுத்துக் கடவுளின் மன்னிப்பை வாங்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது விலைக்கு வராது என்பதில் இரு சபைகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் செயின் இன்னும் உங்கள் தங்கையுடையது, உங்கள் பீரோவில் இருக்கிறது.

கொடுக்கும்போது “இப்போதுதான் கண்ணில் பட்டது” என்று கதை கட்டாதீர்கள், அது இன்னொரு பொய். நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். அவள் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், வசனம் காட்டி அவசரப்படுத்தவும் வேண்டாம். அண்ணனுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.