கிட் ரிசீவர் பூட்டியாச்சு, இரைச்சல் மட்டும்தான் வருது, என்ன செய்யிறது?

கல்முனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 40 மீற்றர் பேண்ட் (7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அமெச்சூர் ரேடியோக்காரர் பேசுற இடம்) ரிசீவர் கிட் ஒண்டு பூட்டி முடிச்சிருக்கார், சிக்னலக் கலக்கிற என்ஈ 602 ஐசி ரெண்டு, ஸ்பீக்கர ஓட்டுற எல்எம் 386 ஐசி ஒண்டு, நடுவுல 455 கிலோஹேர்ட்ஸ் ஐஎஃப், அதாவது வாற சிக்னல மாத்தியெடுக்கிற இடை அலைவரிசை. ஸ்பீக்கர்ல இரைச்சல் மட்டும் வருதாம், ஐஎஃப் கேன் (தகரக் கூட்டுக்குள்ள இருக்கிற கொயில்) எல்லாத்தையும் திருப்பிப் பாத்திட்டாராம், சிக்னல் ஜெனரேட்டரும் இல்ல ஸ்கோப்பும் இல்லயாம்.

தம்பி, முதல்ல அந்தக் கேனுகள்ல கை வைக்கிறத நிப்பாட்டுங்க. ஒசிலேற்றர், அதாவது ரிசீவருக்குள்ளயே அலைவரிசை உண்டாக்கிற பகுதி, எங்க ஓடுதெண்டு தெரியாம ஐஎஃப்ப திருப்பினா எது சரி எது பிழை எண்டு கடைசிவரைக்கும் பிடிபடாது.

மீற்றர் இருக்குத்தானே, 602ட 8ம் கால்ல எவ்வளவு வருதெண்டு பாருங்க. 8 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது, 12 வோல்ட் பற்றரி நேரா அதுக்குப் போயிருந்தா ஐசிய மாத்துறதுதான் வழி. 386ல 5ம் கால்ல சப்ளைட பாதி நிக்கணும். வொலியூம் நடுக்கால ஸ்க்ரூட்ரைவரால தொட்டா ஊ எண்டு சத்தம் வந்தா ஓடியோ பக்கம் சரி.

இப்ப ஒசிலேற்றர். 7.000ல இருந்து 7.200 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் கேக்கணுமெண்டா, ஐஎஃப் 455ங்கிறதால அது அவ்வளவு மேல, 7.455க்கும் 7.655க்கும் இடையில ஓடணும். இதப் பாக்க ஜெனரேட்டர் தேவையில்ல, டிஜிட்டல் நம்பர் காட்டுற ஷோர்ட்வேவ் ரேடியோ ஒண்டு போதும், அத 7.555ல வெச்சு கிட்டுக்குப் பக்கத்துல வெச்சிட்டு கிட்டுட டியூனிங்க மெதுவா திருப்புங்க, ஒரு இடத்துல ரேடியோட இரைச்சல் டக்கெண்டு அடங்கும், அப்ப கொயில்கிட்ட விரலக் கொண்டுபோனா அந்த இடம் விலகிப் போகும், அதுதான் உங்கட ஒசிலேற்றர். ஒரு விசயம், மலிவு ரேடியோவில அதே சிக்னல் 910 கிலோஹேர்ட்ஸ் கீழயும், அதாவது 6.645லயும் மெல்லிசா கேக்கும், அத நம்பி ஏமாறாதீங்க, பலமா வாறதுதான் உண்மையான இடம்.

இடம் தப்பியிருந்தா கொயில் சுத்த எண்ணுங்க. கொயில் சுத்தியிருக்கிற வளையத்து ஓட்டைக்குள்ளால வயர் ஒருக்கா போனாலே அது ஒரு சுத்து, கனபேர் இங்கதான் பிழைவிடுறது. 30 சுத்துக் கொயில்ல ஒண்டு கூடினாலே கிட்டத்தட்ட 240 கிலோஹேர்ட்ஸ் கீழ இறங்கும், பேண்டே மொத்தம் 200தான், அப்ப பாருங்க.

அடுத்தது பிஎஃப்ஓ, பேச்ச விளங்கவைக்கிற ரெண்டாவது ஒசிலேற்றர். 455 மீடியம்வேவ் டயல்ல இல்ல, ஆனா அதுட ரெண்டாவது ஹார்மோனிக், அதாவது ரெண்டு மடங்கு, 910ல வரும், அதே ரேடியோவில கேக்கலாம். 7 மெகாஹேர்ட்ஸ்ல ஆக்கள் பேசுறது லோவர் சைட்பேண்ட் (சிக்னல்ட கீழ்ப் பாதிய மட்டும் அனுப்புறது), உங்கட ஒசிலேற்றர் மேல ஓடுறதால அது ஐஎஃப்புக்குள்ள தலைகீழா வரும், அதனால பிஎஃப்ஓவ ஒண்டரை கிலோஹேர்ட்ஸ் மட்டும் கீழ, 453.5 பக்கம் வையுங்க, ஹார்மோனிக் 907ல கேக்கணும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் ஐஎஃப் கேன். இரும்பு ஸ்க்ரூட்ரைவர் வேணாம், கோர் வெடிச்சிரும், மூங்கில் சிம்ப சீவி எடுங்க. அன்ரனாவப் போட்டு இரைச்சல் கூடுற பக்கம் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. அன்ரனா பக்கம் ட்ரிமர், அதாவது திருப்பி அளவு மாத்துற கப்பாசிட்டர், இருந்தா, முழுசா ஒரு சுத்துச் சுத்தேக்க ரெண்டு இடத்துல இரைச்சல் உச்சத்துக்குப் போகணும். ஒரே ஒரு உச்சம் மட்டும் வந்தா அது உச்சமே இல்ல, ட்ரிமர் அதுட எல்லையில நிக்குது, கொயில்ல ஒரு சுத்தக் கூட்டி, சரிவராட்டி குறைச்சுப் பாருங்க.

அன்ரனாவுக்குப் பெரிசா ஒண்டும் வேணாம், ரெண்டு தென்னைக்கு நடுவுல பக்கத்துக்கு 10 மீற்றர் வயர், நடுவுல இருந்து ரிசீவருக்கு கோஎக்ஸ் கேபிள். அதக் கழட்டிட்டுத் திரும்பப் பூட்டேக்க இரைச்சல் தெளிவாக் கூடினா ரிசீவர் தேவையான அளவு கூர்மையா இருக்கு. கூடுறது கறகற எண்டு இருந்தா எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும்தான், பற்றரியில ஓட்டி வீட்டு மெயின் சுவிட்ச ஒருக்கா ஓஃப் பண்ணிப் பாருங்க, சந்தேகம் தீரும். ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினா வயரக் கழட்டி வெளியில போட்டிருங்க, இதுல மட்டும் சோம்பல் வேணாம்.

மத்தியானம் கேட்டுட்டு வேலைசெய்யல்ல எண்டு சொல்லாதீங்க, அந்த நேரம் தூரத்துச் சிக்னல் மேல போய் உறிஞ்சுபடும். விடியக் காலமை, இல்லாட்டி பொழுதுபட்ட பிறகு கேளுங்க, தென்னிந்தியாக்காரர் பேசுறது வரும். பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் விசிலோட நெரிச்சு வந்தா நீங்க 7.200க்கு மேல ஏறிட்டீங்க, கொஞ்சம் கீழ இறங்குங்க.